குழாயைத் திறந்தால் பர்ட்டன்!

லண்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன் நான். மால்ட் என்கிற முளைகட்டிய தானியத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவேன். கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஈஸ்ட் என்றால் விடிய விடிய உட்காருவேன். ஆனால், "இதிலேயே உனக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று யாராவது கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்காமல் தண்ணீர் என்றுதான் சொல்வேன். குழாயைத் திறந்தால் கொட்டுகிறதே, அதே தண்ணீர்தான். அதற்குள் எந்த உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்தால், ஒரே குழாயிலிருந்து இந்த மாதம் ஒரு பர்ட்டன் ஏல், குளிர்காலத்துக்கு ஒரு போர்ட்டர், வசந்தத்துக்கு ஒரு கோல்டன் ஏல் என்று எடுத்துக்கொண்டே இருக்கலாம். அப்படி ஒரு சுகத்தை வேறு எந்தப் பொழுதுபோக்கும் எனக்குத் தந்ததில்லை.

பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அப்படியிருந்தும் காய்ச்சுகிறவர்கள் கடைசியாகக் கவனிப்பது அதைத்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். திருநெல்வேலி அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரில் இருக்கிறது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கோயம்புத்தூர்க்காரரிடம் சிறுவாணி என்று ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். ஊர்த் தண்ணீருக்கும் ஊர்ப் பண்டத்துக்கும் உறவு உண்டு என்பது நம் ரத்தத்தில் இருக்கிற நம்பிக்கை. பீரில் இந்த நம்பிக்கைக்குக் கணக்கும் உண்டு. அளந்து பார்க்கலாம், கூட்டிக் கழிக்கலாம், முன்கூட்டியே சொல்லலாம், சொன்னது சரியா என்று ஒரு மாதத்தில் குடித்தே சரிபார்க்கலாம்!

ஊருக்கு ஒரு தண்ணீர், தண்ணீருக்கு ஒரு பீர்

இங்கிலாந்தின் நடுவில், ட்ரென்ட் ஆற்றங்கரையில் பர்ட்டன் என்றொரு ஊர் இருக்கிறது. பீர்ப் பிரியர்களுக்கு அது ஒரு திருத்தலம். அந்த ஊர்க் கிணறுகளுக்கு வரும் நீர் ஜிப்சம் படிந்த நிலத்தின் வழியே ஊறி வருகிறது. ஜிப்சம் என்றால் கால்சியம் சல்ஃபேட். பள்ளிக்கூடத்து சாக்பீஸ் பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள். பர்ட்டன் நீரைப் பகுத்துப் பார்த்த பல பட்டியல்களில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபேட் இருக்கிறது, கால்சியம் 250-ஐத் தாண்டுகிறது. சாதாரணமாகக் குடிக்கும் தண்ணீரில் கற்பனைகூடச் செய்ய முடியாத அளவு அது.

அந்தத் தண்ணீர் என்ன செய்தது தெரியுமா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டனில் போ என்ற இடத்திலிருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரிதான் இந்தியாவுக்குப் போகும் கப்பல்களுக்கு வெளிர் ஏல் கொடுத்துக்கொண்டிருந்தது. 1820களில் பர்ட்டனைச் சேர்ந்த ஆல்சப் அந்த வியாபாரத்தில் இறங்கினார். பின்னாலேயே பாஸ் வந்தார். பர்ட்டன் ஏல் பளிச்சென்று தெளிந்திருந்தது. ஹாப்ஸின் கசப்பு அதில் கூர்மையாக, உலர்ந்து, நறுக்கென்று முடிந்தது. கல்கத்தாவிலும் மதராஸிலும் இருந்த வெள்ளைக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ, பெயர் பெற்றது இந்த ஊர் நீரால்தான். இதைப் பார்த்துவிட்டு லண்டனின் பெரிய ப்ரூவரிகளான ட்ரூமனும் சாரிங்டனும் 19ஆம் நூற்றாண்டில் பர்ட்டனுக்கே போய்த் தனியாக ப்ரூவரி போட்டன. ஒரு தண்ணீருக்காகத் தலைநகரத்து முதலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு சின்ன ஊருக்குப் போனார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

இப்போது பர்ட்டனுக்கு நேர் எதிர்த் துருவத்துக்கு வாருங்கள். போஹீமியாவில் பில்சென் நகரம். அங்கே தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. கால்சியம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் இருந்தாலே பெரிது. 1842-இல் பவேரியாவிலிருந்து வந்த யோசஃப் க்ரோல் அந்த மென்னீரில், வெளிறிய மால்ட்டையும் உள்ளூர் ஸாட்ஸ் ஹாப்ஸையும் போட்டுக் காய்ச்சியபோது, பொன்னிறத்தில் ஒரு பீர் பிறந்தது. உலகம் இன்று குடிக்கிற லாகர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். கசப்பு நிறைய இருந்தும் நாக்கை உரசாமல் பட்டுப்போல் இறங்கும் அந்தக் குணம் மென்னீரின் கொடை.

லண்டனுக்கும் மியூனிக்குக்கும் வேறு கதை. இரண்டு ஊர்களிலும் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். இரண்டு ஊர்களும் புகழ் பெற்றது கறுத்த பீர்களால். லண்டனுக்கு போர்ட்டர், மியூனிக்குக்கு டுங்கல். அக்காலத்தில் காய்ச்சியவர்களுக்கு ரசாயனம் தெரியாது, ஆனால் நாக்கு இருந்தது. எந்த பீர் தங்கள் ஊர்த் தண்ணீரில் நன்றாக வருகிறதோ அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சினார்கள். ஐரோப்பாவின் பீர் வரைபடத்தை எடுத்து அதன்மேல் நிலத்தடிப் பாறைகளின் வரைபடத்தை வைத்தால் இரண்டும் அப்படிப் பொருந்தும்!

கடினத்தன்மை ஒன்று, காரத்தன்மை வேறு

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று எனக்குப் புரிந்த தருணம் இருக்கிறதே, அது தனி ஆனந்தம். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் போர்ட்டர் காய்ச்சினால் தேவாமிர்தமாக வரும். அதே கை, அதே பாத்திரம், அதே கவனம் என்று வெளிர் ஏல் காய்ச்சினால் எங்கோ மந்தமாக இருக்கும், கசப்பு கரகரவென்று நாக்கில் ஒட்டும். இந்தப் புதிருக்கு விடை இரண்டு சொற்களில் இருந்தது. கடினத்தன்மை ஒன்று, காரத்தன்மை இன்னொன்று. பள்ளிக்கூட வேதியியலில் நிலையான கடினத்தன்மை, தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்தோமே, அதுதான் இங்கே உயிர்பெற்று எழுந்து நிற்கிறது.

பீர் காய்ச்சுவதில் முதல் கட்டம் மேஷ். உடைத்த மால்ட்டை ஏறக்குறைய 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுவோம். மால்ட்டில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இந்த என்சைம்கள் மும்முரமாக வேலை செய்ய பிஹெச் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ ஏழுக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் யார் இறக்குவது?

மால்ட்டே இறக்கும்! மால்ட்டில் பாஸ்பேட் நிறைய இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதோடு சேர்ந்து வீழ்படிவாக அடியில் இறங்குகிறது. அப்போது ஹைட்ரஜன் அயனிகள் விடுபடுகின்றன. பிஹெச் சரிகிறது. கால்சியம் நம் பக்கத்து ஆள். ஆனால் தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால், விடுபடுகிற அமிலத்தை எல்லாம் அது விழுங்கிவிடும், பிஹெச் இறங்கவே விடாது. காரத்தன்மை என்பது இந்த பைகார்பனேட்டின் பிடிவாதத்தை அளக்கும் எண். கடினத்தன்மை என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. பர்ட்டனில் கடினத்தன்மை வானளவு, ஆனால் அதில் பெரும் பங்கு ஜிப்சத்தால் வந்தது. அதனால் வெளிர் ஏல் வெற்றி பெற்றது. லண்டனின் கடினத்தன்மை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, காரத்தன்மையைக் கூடவே கூட்டிக்கொண்டு வருவது. கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதுதான்.

அப்படியானால் லண்டன் போர்ட்டர் எப்படி ருசித்தது? வறுத்த மால்ட்டுக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு. பைகார்பனேட்டின் பிடிவாதத்தை அது உடைத்துவிடும், பிஹெச் சரியான இடத்தில் வந்து உட்காரும். வெளிர் மால்ட்டுக்கு அந்த பலம் இல்லை. பிஹெச் ஆறை நெருங்கி நிற்கும், உமியிலிருந்து டானின் கரையும், கசப்பு கரடுமுரடாகும். என் புதிர் முழுவதும் இந்த ஒரே விளக்கத்தில் அவிழ்ந்துவிட்டது.

இதைக் கணக்காக்கிக் கொடுத்த புண்ணியவான் பால் கோல்பாக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 1953-இல் அவர் எஞ்சிய காரத்தன்மை என்ற கருத்தை முன்வைத்தார். தண்ணீரின் காரத்தன்மையிலிருந்து கால்சியத்தை 1.4-ஆல் வகுத்தும் மெக்னீசியத்தை 1.7-ஆல் வகுத்தும் கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பதுதான் மேஷின் பிஹெச்சை ஆட்டிவைக்கும் எண். இதில் காரத்தன்மை கால்சியம் கார்பனேட் அளவிலும், மற்ற இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராமிலும் இருக்க வேண்டும், அவ்வளவே. எங்கள் தண்ணீருக்குப் போட்டுப் பார்த்தேன். காரத்தன்மை 230, கால்சியம் 110, மெக்னீசியம் 5. கால்சியத்துக்கு 79, மெக்னீசியத்துக்கு 3 கழித்தால் மிச்சம் 148. கறுத்த பீருக்கு அருமையான எண்! வெளிர் பீருக்கு அது பூச்சியத்தின் பக்கம் வர வேண்டும், இன்னும் கீழே போனாலும் சந்தோஷம். ஒற்றை வரிக் கணக்கு, இருநூறு வருஷத்து லண்டன் பீர் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது!

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிஹெச் என்ற அளவுகோலே பிறந்தது ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன் சோரன்சன்தான் அதை வகுத்தவர். இன்று ரத்தப் பரிசோதனையிலிருந்து வயல் மண் பரிசோதனைவரை எல்லா இடத்திலும் இருக்கிற அந்த எண்ணை நான் மேஷில் அளக்கும்போது, அதன் பிறந்த வீட்டுக்கே அதை அழைத்து வருகிற பெருமை எனக்கு.

காய்ச்சும் நாள்

வாருங்கள், சமையலறைக்குப் போவோம். முதல் வேலை காரத்தன்மையை அளப்பது. தண்ணீர் கம்பெனி தரும் அறிக்கை நல்ல வழிகாட்டி. ஆனால் அது ஆண்டு சராசரி. இன்று என் குழாயில் வருவது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். இதற்கு நானும் இங்கே வீட்டில் காய்ச்சுகிற பலரும் பயன்படுத்துவது மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காகச் செய்த சாலிஃபெர்ட் கிட். சின்னக் குப்பியில் நான்கு மில்லி தண்ணீர் எடுக்க வேண்டும். நிறங்காட்டியில் சில சொட்டு விட்டால் நீலப் பச்சையாகும். பிறகு ஊசிக்குழாயில் அமிலத்தை ஏற்றி, ஒரு சொட்டு விட்டு ஒரு சுழற்று, ஒரு சொட்டு விட்டு ஒரு சுழற்று. நிறம் அசையாது. அசையாது. சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் இளஞ்சிவப்பு புகைபோலத் தோன்றி மறையும். மறைய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே வரும். அப்புறம் ஒரே ஒரு சொட்டு, குப்பி மொத்தமும் ஆரஞ்சுச் சிவப்பு! ஊசிக்குழாயில் மிச்சமிருக்கும் அளவை அட்டவணையில் பார்த்தால் எண் கிடைத்துவிடும். பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டும் பியூரெட்டும் பிடித்தபோது வராத பரவசம் இந்தக் குப்பியில் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

எண் தெரிந்ததும் அமிலம். இங்கே வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கான கடைகளில் சி.ஆர்.எஸ். என்று ஒரு திரவம் விற்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் உணவுத் தரத்தில், அளவாகக் கலந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லி விட்டால் காரத்தன்மை ஏறக்குறைய 180 குறையும். எனக்கு 200 குறைய வேண்டும், ஆகவே 30 லிட்டர் தண்ணீருக்கு 33 மில்லி. ஊற்றிக் கிளறியதும் குனிந்து பாத்திரத்துக்குள் பாருங்கள். பாத்திரத்தின் சுவரெல்லாம் பொடிப்பொடிக் குமிழிகள் முளைக்கும், கரண்டியால் தொட்டால் சரசரவென்று மேலேறும். பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்து போவதைக் கண்ணால் பார்க்கிறோம்! லண்டன் மண்ணின் சுண்ணாம்பு, குமிழி குமிழியாக என் சமையலறையை விட்டு வெளியேறுகிறது.

அடுத்தது ஜிப்சம். 30 லிட்டருக்கு 10 கிராம். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில் நிறுத்து, மாவு போன்ற அந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் தூவிக் கிளறுவேன். கால்சியம் 110-இலிருந்து 188-க்குப் போகும். சல்ஃபேட், அமிலத்தோடு வந்ததையும் சேர்த்து 330-ஐத் தொடும். கோல்பாக் கணக்கை மறுபடி போட்டால், 148 ஆக இருந்த எஞ்சிய காரத்தன்மை இப்போது பூச்சியத்துக்குக் கீழே நூறைத் தாண்டிவிட்டது. இப்படி ஜிப்சம் சேர்ப்பதற்குப் பர்ட்டனைசேஷன் என்றே தொழிலில் பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்ட்டன் நீரின் ரகசியம் ஜிப்சம்தான் என்று வேதியியலாளர்கள் கண்டுபிடித்த பிறகு, மற்ற ஊர்க்காரர்கள் அந்த ஊருக்குப் போக வேண்டிய தேவையே போய்விட்டது. நானும் போகவில்லை. பர்ட்டன் என் பாத்திரத்துக்கு வந்துவிட்டது.

மால்ட்டைக் கொட்டிக் கிளறிப் பத்து நிமிடம் ஆனதும் உண்மை தெரியும் நேரம். மேஷிலிருந்து ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் மிதக்க விடுவேன். சூட்டோடு அளந்தால் எண் கீழே காட்டும், மீட்டரின் முனையும் சீக்கிரம் கெட்டுப்போகும். அறை வெப்பத்துக்கு வந்ததும், 4.01, 7.00 என்ற இரண்டு கரைசல்களில் காலையிலேயே சரிபார்த்து வைத்த பிஹெச் மீட்டரை அதில் முக்குவேன். 5.8... 5.6... 5.5... 5.4. நின்றுவிட்டது! காகிதத்தில் போட்ட கணக்கும் கிண்ணத்தில் இருக்கும் திரவமும் ஒரே எண்ணைச் சொல்லும்போது, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருக்கும். கூப்பிட்டும் காட்டியிருக்கிறேன்.

குளோரினை மறந்துவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரினும் குளோரமினும் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனாலோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் லேசில் போகாது. மருந்து மலிவு. கேம்ப்டன் மாத்திரை என்று கிடைக்கும் மெட்டாபைசல்ஃபைட்டில் அரை மாத்திரையை நுணுக்கி 30 லிட்டரில் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் தீர்ந்தது. தண்ணீர் வேதியியலில் வேறு எதையும் செய்யாதவர்கள்கூட இந்த ஒன்றைச் செய்தால் பீர் உடனே சுத்தமாகும்.

ஒரு பீர், இரண்டு கிளாஸ்

இதுவரை சொன்னது மேஷுக்காக. இனிச் சொல்லப்போவது நாக்குக்காக. இங்கேதான் நான் முழுதாக விழுந்தேன்.

தண்ணீரில் சல்ஃபேட், குளோரைடு என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். சல்ஃபேட் ஹாப்ஸை முன்னால் தள்ளும். கசப்பு கூர்மையாகும், முடிவு உலர்ந்து சுத்தமாக இருக்கும், அடுத்த வாய்க்கு ஏங்க வைக்கும். குளோரைடு மால்ட்டை முன்னால் தள்ளும். பீருக்கு ஒரு நிறைவும் உருண்டையான இனிப்பும் வரும். இங்கிலாந்து வகை பிட்டருக்கும் அமெரிக்க மேற்குக் கரை ஐபிஏவுக்கும் சல்ஃபேட் மேலே இருக்க வேண்டும். பழச்சாறுபோலக் கலங்கிய நியூ இங்கிலாந்து ஐபிஏவுக்குக் குளோரைடு 150-ஐ ஒட்டியும் சல்ஃபேட் அதைவிடக் கீழேயும் இருந்தால் அந்த மெத்தென்ற குணம் வரும். மால்ட்டும் ஹாப்ஸும் அப்படியே இருக்க, இரண்டு உப்புகளின் விகிதத்தை மட்டும் மாற்றினால் பீரின் முகமே மாறுகிறது.

நம்பாதவர்களுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. பாளையங்கோட்டைக்கார நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரே கெக்கிலிருந்து, ஜிப்சம் அதிகம் போடாமல் காய்ச்சிய பேல் ஏலை இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் கத்தி முனையில் தொட்ட அளவு ஜிப்சத்தைக் கரைத்தேன். எதில் என்று சொல்லவில்லை. முதல் கிளாஸைக் குடித்தான், தலையாட்டினான். இரண்டாவதைக் குடித்தான், கிளாஸைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏலே, இது வேற பீருல்லா?"

"ஒரே பீர்தான்டா."

"சும்மா சொல்லாத. இதுல கசப்பு நிமிந்து நிக்கி. அது வழுக்கிக்கிட்டு போவுது."

கசப்பு நிமிர்ந்து நிற்கிறது! சல்ஃபேட்டின் வேலையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. மூன்றாவது கிளாஸில் கால்சியம் குளோரைடு கரைத்துக் கொடுத்தேன். "இது சாப்பாட்டுக்கு மேல குடிக்கிறதுக்கு" என்றான். ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பில் ஒரே பீர் மூன்று பீரானதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு, அவனும் என்னோடு உட்கார்ந்து தண்ணீர் அறிக்கை படிக்க ஆரம்பித்துவிட்டான்.

அசல் பர்ட்டன் ஏலை பப்பில் கிளாஸில் ஊற்றியதும் முதல் கணத்தில் லேசாக ஒரு கந்தக வாடை வரும், உரசிய தீக்குச்சியின் வாடை. பர்ட்டன் ஸ்னாட்ச் என்று அதை ஆசையாகச் சொல்வார்கள். மார்ஸ்டன்ஸ் பெடிகிரி குடித்தவர்களுக்குத் தெரியும். சில நொடிகளில் கலைந்துவிடும் அந்த வாடை, கிணற்று நீரின் கையெழுத்து. சல்ஃபேட் நிறையப் போட்டுக் காய்ச்சிய என் ஏலில் முதன்முதலாக அது வந்தபோது கிளாஸை மூக்கிலிருந்து எடுக்க மனமே வரவில்லை.

எங்கே தொடங்கலாம்?

பிரிட்டனில் 1963 முதல் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்க மட்டும் கூடாது. தமிழ்நாட்டில் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. ஆகவே அனுமதி இருக்கிற நாடுகளில் வாழ்கிற, ஏற்கெனவே காய்ச்சுகிற நம் ஆட்களுக்குத்தான் இந்த யோசனைகள்.

முதலில் உங்கள் தண்ணீர் அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் ஆறு எண்கள்தான் வேண்டும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், சல்ஃபேட், குளோரைடு, காரத்தன்மை. ஜான் பாமரும் காலின் கமின்ஸ்கியும் 2013-இல் எழுதிய 'வாட்டர்' என்ற புத்தகம் இந்தத் துறையின் வேதம். கணக்குப் போட மார்ட்டின் ப்ரங்கார்டின் 'ப்ரூன் வாட்டர்' அட்டவணை இருக்கிறது. எண்களைத் தட்டினால் எவ்வளவு அமிலம், எவ்வளவு உப்பு என்று காட்டும். ஏல் காய்ச்சினால் கால்சியம் 50-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் இருந்தால் ஈஸ்ட் நன்றாகத் திரண்டு அடியில் இறங்கும், பீர் தெளியும், ஆக்சலேட் பாத்திரத்திலேயே படிந்து நின்றுவிடும்.

புகழ் பெற்ற ஊர்களின் தண்ணீரை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றில்லை. அந்த ஊர்க்காரர்களே கிணற்று நீரை அப்படியே பயன்படுத்தவில்லை. கொதிக்க வைத்து பைகார்பனேட்டைப் படியவிட்டுத்தான் பலர் காய்ச்சினார்கள். சல்ஃபேட் 300 வரை வந்தாலே பர்ட்டனின் கூர்மை முழுசாகக் கிடைத்துவிடுகிறது. பில்ஸ்னர் வேண்டுமென்றால் உப்பைக் கழிப்பதைவிட மென்னீரில் தொடங்குவது சுலபம். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. இங்கே ஆஷ்பெக் என்ற பெயரில் ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. அதில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்தால் போதும், பட்டு மாதிரி ஒரு லாகர் வரும்.

செலவு என்று பார்த்தால் ஒரு புதுப் பாத்திரத்தின் விலைகூட ஆகாது. ஜிப்சம் ஒரு பொட்டலம், கால்சியம் குளோரைடு ஒரு பொட்டலம், காரத்தன்மை கிட் ஒன்று, ஒரு சிறு தராசு. இவை நான்கும் என் பீருக்குச் செய்த நன்மையை, விலை உயர்ந்த வேறு எந்த உபகரணமும் செய்ததில்லை. மால்ட் வேறு நாட்டிலிருந்து வருகிறது, ஹாப்ஸ் கடல் தாண்டி வருகிறது, ஈஸ்ட் உறையில் வருகிறது. காய்ச்சுகிறவன் தன் கையால், தன் ஊருக்கு ஏற்றபடி உருவாக்க முடிவது தண்ணீரை மட்டும்தான்.

பீர் ரெசிபிகளில் மால்ட்டைக் கிராம் கணக்கில் எழுதியிருப்பார்கள், ஹாப்ஸை நிமிடக் கணக்கில் எழுதியிருப்பார்கள், தண்ணீருக்கு வந்தால் எத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் உங்கள் பேனாவால் ஆறு எண்களை எழுதுங்கள். அன்றிலிருந்து அது யாரோ எழுதிய ரெசிபி இல்லை, உங்கள் பீர்.